இரண்டாம் பாகம்: சொத்தா, கடனா?

2024-ஆம் வருடம் தமிழ்நாட்டு தியேட்டர்களில் இரண்டு சங்கதிகள் நடந்தன.

ஏப்ரல் 20-ம் தேதி 'கில்லி' மறுபடியும் ரிலீஸ் ஆனது. 2004-ல் வந்த படம். டிவியில் எத்தனை தடவை போட்டார்கள் என்று கணக்கே கிடையாது. விஜய் பேசும் வசனம், பிரகாஷ்ராஜ் பேசும் வசனம் எல்லாம் ரசிகர்களுக்கு மனப்பாடம். இருந்தும் கூட்டம் அலைமோதியது.

மூன்று மாதம் கழித்து, ஜூலை 12-ம் தேதி 'இந்தியன் 2' வந்தது. 1996-ல் வந்த 'இந்தியன்' படத்தின் இரண்டாம் பாகம். அதே கமல்ஹாசன், அதே ஷங்கர், அதே சேனாபதி தாத்தா. 28 வருட இடைவெளி. ஆனால் முதல் நாளே "நீளம் அதிகம், பழைய படம் மாதிரி இல்லை" என்ற பேச்சு கிளம்பிவிட்டது. ரிலீஸ் ஆன பிறகு சுமார் 12 நிமிடக் காட்சிகளை வெட்டினார்கள். அப்படியும் பேச்சு மாறவில்லை.

ஒரே வருடம், ஏறக்குறைய அதே ரசிகர்கள். பழைய படம் பழைய படமாகவே வந்தபோது கொண்டாடினார்கள். பழைய படத்தின் பெயரைப் போட்டுப் புதிய படம் வந்தபோது முகம் சுளித்தார்கள். இது ஏன்? இதற்குப் பதில் தெரிய வேண்டும் என்றால் தமிழ் சினிமாவில் இரண்டாம் பாகம் என்ற வழக்கம் எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் பாகமே தேவைப்படாத காலம்

ஆங்கிலத்தில் 1962-லேயே 'டாக்டர் நோ' படத்தோடு ஜேம்ஸ் பாண்ட் வரிசை தொடங்கிவிட்டது. 1974-ல் 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகம் வந்த பிறகு, படத்தின் பெயருக்குப் பக்கத்தில் எண் போடுவது அங்கே சாதாரணமாகிவிட்டது.

தமிழில் அப்படி நடக்கவில்லை. காரணம் சுலபம். இங்கே கதாபாத்திரம் தொடரவில்லை, நடிகர் தொடர்ந்தார். எம்.ஜி.ஆர். ஒரு படத்தில் மீனவர், இன்னொரு படத்தில் ரிக்‌ஷாக்காரர். பெயரும் தொழிலும்தான் மாறும். தாயை மதிப்பவர், ஏழைக்கு உதவுபவர், கடைசியில் ஜெயிப்பவர் என்பது மாறாது. ஜெய்சங்கர் 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' போன்ற படங்களில் துப்பறிந்தார். ரசிகர்கள் அவரைத் 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்றே அழைத்தார்கள். ஒவ்வொரு படமும் வேறு கதைதான், ஆனால் பார்க்கப் போனவர்களுக்கு அது ஒரே வரிசை. அப்புறம் எண் எதற்கு?

கதாபாத்திரத்தையே தொடர்ந்த ஆரம்பகால முயற்சிகளில் முக்கியமானது ஒரு பேய்க் காமெடி. 1979-ல் வந்த 'கல்யாணராமன்' படத்தின் தொடர்ச்சியாக 1985-ல் 'ஜப்பானில் கல்யாணராமன்' வந்தது. ஜப்பானில் அந்த வருடம் நடந்த எக்ஸ்போ கண்காட்சியில் எல்லாம் போய்ப் படம் பிடித்தார்கள். ஆனால் முதல் படம் அளவுக்குப் பேசப்படவில்லை. வழக்கமும் பரவவில்லை.

ஆக்‌ஷன் படங்களில் எல்லோரும் இரண்டாம் பாகம் கேட்ட படம் என்றால் அது 1995-ல் வந்த 'பாட்ஷா'. ஆனால் அந்த வெற்றிக்குப் பிறகும் மாணிக்கத்தின் கதையை யாரும் தொடரவில்லை. ரஜினி அடுத்தடுத்து வேறு படங்களுக்குப் போய்விட்டார். பாட்ஷாவின் பெயர் கெடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்லலாம்.

துரைசிங்கம் திறந்த கதவு

2010 மே 28-ம் தேதி 'சிங்கம்' வந்தது. ஹரி இயக்கம், சூர்யாவின் 25-வது படம். தூத்துக்குடி பக்கத்தில் நல்லூர் என்ற கிராமத்தில் இருக்கும் சப்-இன்ஸ்பெக்டர் சென்னைக்கு வந்து மயில்வாகனத்தை எதிர்ப்பதுதான் கதை. இந்தப் படத்தின் முடிவில் ஹரி ஒரு வேலை செய்தார். வில்லன் செத்ததும் படத்தை முடிக்காமல், தூத்துக்குடியில் ரகசியமாக வேலை பார்க்க வேண்டும் என்று துரைசிங்கத்திடம் உள்துறை அமைச்சர் சொல்வதாகக் காட்டி முடித்தார்.

அதுதான் கதவு. மூன்று வருடத்தில், 2013 ஜூலை 5-ம் தேதி, 'சிங்கம் 2' அந்தக் கதவு வழியாகவே உள்ளே வந்தது. பள்ளிக்கூடத்தில் என்.சி.சி. அதிகாரியாக இருந்துகொண்டே துறைமுகத்தை நோட்டம் விடும் துரைசிங்கம், கடல் வழியாக நடக்கும் போதைப்பொருள் கடத்தல் என்று கதை நகர்ந்தது. முதல் படத்தைப் பார்த்தவனுக்கு "ஆமாம், இது பாக்கி இருந்தது" என்று தோன்றியது. படம் ஓடியது.

மூன்றாவதாக 'சி 3'. பல முறை தேதி தள்ளிப்போய் 2017 பிப்ரவரி 9-ல் வந்தது. ஆந்திராவுக்குப் போனார்கள், ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். வேகமும் சத்தமும் கூடியது. ஆனால் "இன்னும் என்ன பாக்கி?" என்ற கேள்விக்குப் பதில் இல்லை. முதல் இரண்டைப் போல அது மனதில் நிற்கவில்லை என்பதுதான் பலருடைய கருத்து.

இன்னொரு விஷயமும் உண்டு. 'சிங்கம்' 2011-ல் அஜய் தேவ்கன் நடிப்பில் இந்திக்குப் போனது. ஆனால் 2014-ல் அவர்கள் எடுத்த இரண்டாம் பாகம் ஹரியின் இரண்டாம் பாகத்தின் ரீமேக் அல்ல. தனிக் கதை. ஒரே விதை, இரண்டு ஊரில் இரண்டு மரமாக வளர்ந்தது.

நடுவில் 2012 ஜூலையில் 'பில்லா 2' வந்தது. இது பின்னால் போன கதை. அகதியாக வரும் டேவிட் எப்படி டான் ஆனான் என்பதைச் சொன்னது. அஜித் படம் என்பதால் முதல் நாள் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் 2007-ல் வந்த 'பில்லா'வின் ஸ்டைலை எதிர்பார்த்துப் போனவர்களில் பலர் திருப்தியில்லாமல் வந்தார்கள். எதிர்பார்ப்பு முதல் காட்சிக்கு ஆளை அழைத்து வரும், இரண்டாவது வாரத்துக்கு அழைத்து வராது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

2018: எல்லோரும் கடைக்கு வந்த வருடம்

2018-ஐ இரண்டாம் பாகங்களின் வருடம் என்றே சொல்லலாம். ஆகஸ்டில் 'விஸ்வரூபம் 2', செப்டம்பரில் 'சாமி ஸ்கொயர்', அக்டோபரில் 'சண்டக்கோழி 2', நவம்பரில் '2.0', டிசம்பரில் 'மாரி 2'. ஐந்து மாதத்தில் ஐந்து படம்!

'சாமி' 2003-ல் வந்தது, இடைவெளி 15 வருடம். 'சண்டக்கோழி' 2005, இடைவெளி 13 வருடம். 'எந்திரன்' 2010, இடைவெளி 8 வருடம். 'சாமி'யில் திரிஷா நடித்த புவனா வேடத்தில் இரண்டாம் பாகத்தில் ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்தார். ஆறுச்சாமி என்றால் கூடவே நினைவுக்கு வரும் முகம் மாறியபோதே ரசிகர்களுக்கு ஏதோ குறைந்துவிட்டது. '2.0' பெரிய வசூல் செய்தது, பிரம்மாண்டத்தை எல்லோரும் வியந்தார்கள். ஆனால் "சிட்டி முதல் படத்தில்தான் சிட்டி" என்று சொன்னவர்கள் நிறையப் பேர். 'மாரி 2'-ல் மிஞ்சியது 'ரௌடி பேபி' பாட்டு.

அப்படியானால் இடைவெளிதான் பிரச்சினையா? மூன்று வருடத்துக்குள் எடுத்தால் ஓடும், பத்து வருடம் தாண்டினால் ஓடாதா?

கட்டப்பாவும் விக்ரமும்

முதலில் கட்டப்பா. 2015 ஜூலை 10-ல் வந்த 'பாகுபலி' ஒரு கேள்வியோடு முடிந்தது. கட்டப்பா பாகுபலியை ஏன் கொன்றார்? பதில் 2017 ஏப்ரல் 28-ல்தான் கிடைத்தது. அதுவரை டீக்கடை முதல் ஆபீஸ் வரை இதே பேச்சு. சத்யராஜ் 2008-ல் காவிரிப் பிரச்சினையில் பேசிய பேச்சுக்காகக் கர்நாடகத்தில் படத்தைத் தடுப்போம் என்று சிலர் கிளம்பியபோது, அவர் வருத்தம் தெரிவித்துப் பேச வேண்டியதாயிற்று. ஒரு கேள்விக்கு அவ்வளவு பணம், அவ்வளவு பேர் உழைப்பு பின்னால் நின்றது. பதில் சரியாகச் சொன்னார்கள், படம் ஜெயித்தது. இங்கே இடைவெளி இரண்டு வருடத்துக்கும் குறைவு.

இப்போது விக்ரம். 1986-ல் ராஜசேகர் இயக்கத்தில், சுஜாதா எழுத்தில் கமல் நடித்த 'விக்ரம்' வந்தது. ஏவுகணை, கம்ப்யூட்டர், ரகசிய ஏஜெண்ட் என்று அந்தக் காலத்துக்குப் புதுசு. எதிர்பார்த்த அளவு பெரிய வெற்றி இல்லை. 36 வருடம் கழித்து, 2022 ஜூன் 3-ம் தேதி, லோகேஷ் கனகராஜ் அதே பெயரில், அதே ஏஜெண்ட் விக்ரமை வயதானவராகக் கொண்டுவந்தார். தமிழ் சினிமாவின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்றாக ஆனது அந்தப் படம்.

இந்தியனுக்கு 28 வருடம் தோல்வி, விக்ரமுக்கு 36 வருடம் வெற்றி! ஆக, வருடக் கணக்கு சரியான விடை அல்ல.

இன்னும் ஒரு சுவாரசியம். படம் வருவதற்கு முன்தினம் லோகேஷ் ரசிகர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். பழைய 'விக்ரம்' படத்தைப் பாருங்கள் என்று அல்ல, 2019-ல் வந்த தன்னுடைய 'கைதி'யை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள் என்று. போனவர்களுக்கு அதற்கான பலன் உள்ளே இருந்தது. 'கைதி'யின் போலீஸ் அதிகாரி பிஜாய் வந்தார். வில்லன்கள் வந்தார்கள். கடைசியில் ரோலக்ஸாக சூர்யா வந்தார். கேட்காத பொருளைக் கூடுதலாகக் கொடுத்து அனுப்பினால் வாடிக்கையாளர் எப்படி மகிழ்வாரோ, அப்படி மகிழ்ந்தார்கள்.

கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கம்?

காமர்ஸ் படிப்பவர்களுக்கு 'நற்பெயர்' என்ற தலைப்பு நன்றாகத் தெரியும். ஒரு கடை பல வருடம் நல்ல வியாபாரம் செய்து சேர்த்த பெயர். கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொட முடியாது, ஆனாலும் அது ஒரு சொத்து. புலனாகாச் சொத்து என்று பாடத்தில் வரும். கடையை விற்றால் அதற்கும் சேர்த்து விலை உண்டு.

தயாரிப்பாளர்கள் இரண்டாம் பாகத்தை இப்படித்தான் பார்க்கிறார்கள். முதல் படம் சம்பாதித்த பெயர் தங்களுடைய சொத்து, அதை இப்போது காசாக்கலாம் என்று. ஆனால் ரசிகர்களின் எதிர்பார்ப்பு அந்தக் கணக்கில் வராது. அது வருவது இன்னொரு தலைப்பில். 'முன்கூட்டிப் பெற்ற வருமானம்'. பணம் கைக்கு வந்துவிட்டது, வேலை இன்னும் செய்து கொடுக்கவில்லை. அதை இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் எழுத முடியாது. பொறுப்புகள் பக்கம்தான் எழுத வேண்டும். அது கடன்.

இப்போது மேலே சொன்ன படங்களை மறுபடி பாருங்கள். 'சிங்கம் 2', 'பாகுபலி 2' இரண்டும் சொன்ன வாக்கைக் காப்பாற்றின. கடன் அடைந்தது. 'இந்தியன் 2' 28 வருட நினைவுகளை வாங்கிக்கொண்டு வந்தது. அவ்வளவு பெரிய கடனை ஒரு படத்தால் அடைப்பது கஷ்டம். அதிலும் கடைசியில் மூன்றாம் பாகத்தின் காட்சிகளைக் காட்டி "மீதி அப்புறம்" என்றது. பழைய பாக்கியே நிற்கும்போது புதுக் கடன்! 1986 'விக்ரம்' மீது யாருக்கும் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. கடன் இல்லாமல் தொடங்கியதால் வந்தது எல்லாம் லாபமாகத் தெரிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. 'இந்தியன் 2' படப்பிடிப்பில் 2020 பிப்ரவரியில் கிரேன் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். விவேக், நெடுமுடி வேணு, மனோபாலா மூவரும் படம் வெளிவருவதைப் பார்க்கவில்லை. நடுவில் கோர்ட் வழக்கு, கொரோனா. "படம் மொக்கை" என்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அதன் விலை டிக்கெட் விலை மட்டும் அல்ல. அதனால்தான் ஒரு இரண்டாம் பாகத்தைத் தொடங்குவதற்கு முன்பே "இது தேவையா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பாடு மாற வேண்டும்

பழவேற்காடு ஏரியில் மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. நல்ல மீன் விழும் இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்று ஒருவருக்கு நல்ல இடம் என்றால் அடுத்த முறை அவர் வேறு இடத்துக்குப் போக வேண்டும். எவ்வளவு மீன் கிடைத்திருந்தாலும் அங்கேயே உட்கார முடியாது. தோணிரேவு மாதிரி ஏரிக்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

சினிமாவில் அப்படி ஒரு பஞ்சாயத்து இல்லை. மீன் விழுந்த இடத்திலேயே மறுபடியும் மறுபடியும் வலை விரிக்கிறார்கள். 'தனி ஒருவன் 2' அறிவிப்பு 2023-ல் வந்தது. 'ஜெயிலர் 2' அறிவிப்பு 2025 ஜனவரியில் வந்தது. 'வீர தீர சூரன்' இன்னும் ஒரு படி மேலே போய், 2025 மார்ச்சில் இரண்டாம் பாகத்தையே முதலில் வெளியிட்டது! இனி வரப்போகும் எந்த இரண்டாம் பாகத்துக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். முதல் படத்தில் ஏதாவது பாக்கி இருக்கிறதா?

பாக்கி இருந்தால் எத்தனை வருடமானாலும் ரசிகன் காத்திருப்பான். பாக்கி இல்லை என்றால் அவன் என்ன செய்வான் என்பதை 2024 ஏப்ரலிலேயே காட்டிவிட்டான். பழைய படத்துக்கே திரும்பவும் டிக்கெட் எடுப்பான்.