பிக்கப் வண்டி பெருத்த கதை

முன்னே ஓட்டுநர் அறை, பின்னே திறந்த சுமைப்பெட்டி. அமெரிக்கர்கள் பிக்கப் என்று அழைக்கும் இவ்வண்டி, அந்நாட்டுக் குடியானவனின் தேவையில் பிறந்தது. காரின் பின்பகுதியைக் கழற்றிப் பலகைப்பெட்டி அடித்துக்கொள்வது அங்கே பண்ணையாட்களின் வழக்கமாக இருந்தது. இதைக் கண்ட போர்டு நிறுவனம், தன் மாடல் டி காரில் எஃகுப்பெட்டியைப் பொருத்தி, 1925-ஆம் ஆண்டு 281 டாலருக்கு விற்றது. தீவனமும் விறகும் அதில்தான் சென்றன.

அன்று சுமைக்கே முதலிடம். 1970-களில்கூட இருவர் மூவர் அமரும் அறையும், எட்டடிப் பெட்டியும் கொண்ட வண்டிகளே பண்ணைகளில் மிகுந்திருந்தன. நான்கடிக்கு எட்டடி ஒட்டுப்பலகையைப் படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிடலாம்.

பிறகு என்ன நேர்ந்தது? இதற்குள் ஒரு கோழிக்கதை இருக்கிறது! அமெரிக்கக் கோழியிறைச்சிக்கு ஐரோப்பியப் பொதுச்சந்தை நாடுகள் வரியை உயர்த்தின. பதிலடியாக 1963 டிசம்பரில் அதிபர் ஜான்சன், அயல்நாட்டுச் சிறு லாரிகளுக்கு 25 விழுக்காடு வரி விதித்தார். பிராந்திக்கும் மாவுப்பொருளுக்கும் விதித்த வரிகள் பின்னாளில் நீங்கின. லாரி வரியோ அறுபது ஆண்டு கடந்தும் நீடித்தது. கோழிச் சண்டையில் லாரி அகப்பட்டுக்கொண்டது வேடிக்கைதான். உள்நாட்டு நிறுவனங்களுக்கு அது நல்ல வேலியாயிற்று. 1975-இல் எரிபொருள் சிக்கனச் சட்டம் இயற்றப்பட்டபோதும், இவ்வண்டிகளுக்குக் கார்களைவிடத் தளர்ந்த அளவுகளே விதிக்கப்பட்டன. பெரிய வண்டியில் இலாபமும் பெரிது. எனவே வண்டி வளர்ந்தது.

ஆனால், வளர்ந்தது பெட்டியன்று. ஆள் அமரும் அறை. இன்று பரவலாக விற்கும் நான்கு கதவு எப்-150 வண்டியின் நீளம் 19 அடிக்கு மேல். பெட்டியோ ஐந்தரை அடி. அதே ஒட்டுப்பலகையை ஏற்றினால் கதவு சாத்தாது. பழைய வீட்டுக் கொட்டகையில் வண்டி அடங்காது. பெட்டியின் பக்கச்சுவர் உயர்ந்துவிட்டதால், வெளியே நின்று கைவிட்டுச் சாமான் எடுப்பதும் சிரமம்.

பயனில்லை என்று சொல்லிவிட முடியுமா? குடும்பத்தில் ஐவர் வசதியாகப் போகலாம். தக்க இணைப்புகள் இருந்தால் ஐந்து டன்னுக்கு மேல் இழுக்கலாம். படகோ குதிரைவண்டியோ இழுப்பவருக்கு இது தேவையே. வாரம் ஒருமுறை கடைக்குச் செல்பவருக்கு எரிபொருட் செலவுதான் மிச்சம்.

நம்மை உறுத்துவது முகப்பின் உயரம். அதற்கு நேர்முன்னே நிற்கும் சிறு குழந்தை ஓட்டுநர் கண்ணில் படாது. முகப்பு 40 அங்குலத்துக்கு மேற்பட்ட வண்டி மோதினால், 30 அங்குலத்துக்குட்பட்ட சரிந்த முகப்புடைய காரைவிடப் பாதசாரி இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுதல் என்று 2023-இல் அமெரிக்கக் காப்புறுதித் துறையின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு கண்டது.

2021-இல் போர்டு நிறுவனமே மேவரிக் என்ற சிறிய பிக்கப்பை 20,000 டாலருக்குச் சற்றுக் குறைந்த தொடக்க விலையில் அறிவித்தது. முதல் ஆண்டுக்கான வண்டிகள் முன்பதிவிலேயே தீர்ந்துபோயின. அதன் பெட்டி நாலரை அடி.