எலியா எதிலிருந்து ஓடினார்?

கர்மேல் மலையில் பாகாலின் 450 தீர்க்கதரிசிகளை எதிர்த்து நின்ற எலியா, அடுத்த அதிகாரத்திலேயே இஸ்ரவேலின் அரசன் ஆகாபின் மனைவி யேசபேல் சொல்லியனுப்பிய மிரட்டலுக்கு அஞ்சி ஓடுகிறார் (1 ராஜாக்கள் 19). பெரிய வெற்றியின் பின்னால் வரும் மனச்சோர்வு என்று பிரசங்கங்கள் இதை விளக்கிவிடுகின்றன. அவர் ஓடிய வழியைப் பார்த்தால் அந்த விளக்கம் போதவில்லை.

முதலில் அவர் சேர்ந்த இடம் பெயெர்செபா. அது யூதாவுக்கு உரியது என்று நூலாசிரியர் எடுத்துச் சொல்கிறார். அங்கே ஆகாபின் அதிகாரம் செல்லாது. உயிர்தான் கவலை என்றால் ஓட்டம் அங்கேயே நின்றிருக்கலாம். யூதாவின் அரசன் யோசபாத் ஆகாபோடு உறவாயிருந்தவன், ஆகையால் அங்கும் ஆபத்துதான் என்று ஒருவர் வாதாடக்கூடும். அப்படியே வைத்துக்கொண்டாலும், உயிருக்கு அஞ்சி ஓடியவர் ஒரு நாள் கழித்துச் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்டது ஏன்? வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டுத்தான் அவர் வனாந்தரத்துக்குள் போகிறார். ஆக, பயம் அவரைப் பெயெர்செபா வரைதான் துரத்தியது. அதற்கு அப்பால் நடந்தது வேறொரு பயணம்.

அது எதுவென்பதை அவருடைய வாயே காட்டுகிறது. பயணத்தின் முடிவில், தாம் ஒருவரே மீந்திருப்பதாக ஓரேப் மலையில் இரண்டு முறை முறையிடுகிறார். இடையில் பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, மெல்லிய சத்தம் எல்லாம் வந்தும் முறையீட்டில் மாற்றமில்லை. மனப்பாடம் செய்து வைத்த மனுவைப் போலிருக்கிறது அது. இதையே கர்மேலிலும், பயம் தொடுவதற்கு முன்பே, ஜனங்களிடம் சொல்லியிருந்தார் (18:22). வெளிப்படையாக நின்றவர் தாம் மட்டுமே என்று அங்கே பொருள் கொள்ளலாம். ஓரேபில் அந்தச் சமாதானம் எடுபடாது. மற்றத் தீர்க்கதரிசிகள் கொல்லப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டோடு சேர்த்தே அங்கு அதைச் சொல்கிறார். ஆனால் 100 பேரை ஐம்பது ஐம்பதாகக் கெபிகளில் ஒளித்துவைத்து அப்பமும் தண்ணீரும் கொடுத்துக் காத்ததை அரண்மனை விசாரிப்புக்காரனான ஒபதியா அவரிடம் நேரிலேயே சொல்லியிருந்தான் (18:13). அதை அவர் கணக்கில் எடுக்கவேயில்லை.

கதையமைப்பின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. வனாந்தரத்தில் தூதன் எலியாவுக்குத் தருவது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். ஓரேபில் அவர் தங்குவது ஒரு கெபியில். யாரை அவர் எண்ணிக்கையில் சேர்க்கவில்லையோ அவர்களுடைய ஆகாரமும் இருப்பிடமுமே அவருக்கும் கிடைக்கின்றன. ஆசிரியர் இதைத் திட்டமிட்டுச் செய்தாரா என்று நிறுவ முடியாது. தற்செயல் என்று தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை.

பயத்துக்காக அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை. உறங்க விடுகிறார்கள், எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறார்கள், அதுவும் இரண்டு தரம். மறுக்கப்படுவது தனிமை பற்றிய அவருடைய கூற்றுதான்: ஆசகேலையும் யெகூவையும் ராஜாக்களாகவும் எலிசாவைத் தீர்க்கதரிசியாகவும் அபிஷேகம் பண்ணும்படி கட்டளை வருகிறது, பாகாலுக்கு முடங்காத 7000 பேர் உண்டென்றும் சொல்லப்படுகிறது. அந்த மூவரில் எலிசாவை மட்டுமே எலியா தாமே போய் அழைத்தார். மற்ற இருவரின் காரியமும் எலிசாவின் காலத்திலேயே நடந்தது. இதை வைத்து, ஓரேபில் எலியா பணியிலிருந்து விலக்கப்பட்டார் என்று கூறுவோர் உண்டு. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தில் ஆகாபை மீண்டும் எதிர்கொள்பவர் இதே எலியாதான் என்பதால் அந்த முடிவு பொருந்தவில்லை. அவர் இழந்தது பணியை அல்ல, அதில் தாம் ஒருவரே என்ற உரிமையை.

ரோமர் 11இல் பவுல் இந்நிகழ்ச்சியை எடுத்தாளும்போதும் யேசபேலையோ பயத்தையோ ஓட்டத்தையோ குறிப்பிடவில்லை. இஸ்ரவேலுக்கு எதிராக எலியா செய்த முறையீடும், அதற்குப் பதிலாக வந்த 7000 என்ற எண்ணும்தான் அவருக்குத் தேவைப்பட்டன.