காரணம் சொல்லிக் கடன் வாங்கியவர்கள்

மதுரைக்கு வடக்கே, அழகர்மலை அடிவாரத்துக் கிராமங்களில் 1990-ஐ ஒட்டி ஒரு புது வழக்கம் தொடங்கியது. பதினைந்து இருபது பெண்கள் மாதத்தில் ஒரு நாள் மந்தையிலோ யாராவது ஒருத்தி வீட்டுத் திண்ணையிலோ வட்டமாக உட்காருவார்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்தோ இருபதோ ரூபாயைச் சேமிப்பாக எடுத்து வைப்பார்கள். சேர்ந்த பணம் அன்றைக்கே தேவைப்பட்டவருக்குக் கடனாகப் போகும். கடன் வாங்குகிறவர் கையெழுத்துப் போடத் தெரியாதவராக இருக்கலாம், நிலமோ நகையோ இல்லாதவராக இருக்கலாம். ஆனால் பணம் எதற்கு என்பதை மட்டும் எல்லார் முன்னிலையிலும் சொல்லியாக வேண்டும்.

‘களஞ்சியம்’ என்று பெயர்பெற்ற அந்தக் குழுக்களைப் பற்றிப் பொருளாதார ஆய்வுகள் ஏராளமாக வந்துவிட்டன. சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று கணக்குகள் இருக்கின்றன. பெண்கள் வாய்விட்டுச் சொன்ன காரணங்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. நாற்பதைத் தொட்ட மதுரைச் சீமைப் பெண்களின் குடும்பக் கவலை வீட்டுச் சுவரைத் தாண்டி வெளியே வந்த வரலாறு அந்தக் காரணங்களில்தான் இருக்கிறது.

அதற்கு முன் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளாமல் இல்லை. பேச்சுக்கு முதல் இடம் வயல். 1895 அக்டோபரில் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மலைக்கு அந்தப் பக்கம் ஓடிய தண்ணீர் வைகைக்கு வந்தது. பேரணையிலிருந்து கிளம்பும் பெரியாறு பிரதானக் கால்வாய் வடக்கு வட்டாரத்தையே நெல் பூமியாக மாற்றியது. பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம் விளையும் நிலம் மட்டும் அரசுக் கணக்கில் 45,041 ஏக்கர். இரண்டு போகம் என்றால் இரண்டு நடவு, இரண்டு முறை களையெடுப்பு. அத்தனையும் பெண்களின் வேலை. வரிசையாகக் குனிந்து நாற்று நடும்போது அக்காள், மதினி, சின்னாத்தா என்று முறை சொல்லி அழைத்துக்கொண்டே வீட்டுக் கதைகளும் நடந்தன. மாமியார் நேற்று என்ன சொன்னார், கூலி நெல்லை அளந்து எடுத்துக்கொண்டு புருஷன் எங்கே போனான் என்பதெல்லாம் அங்கே பேசப்பட்டது.

நகரத்துக்குள் வேறு இடங்கள் இருந்தன. திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்களில் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவார்கள். சாயம் ஏறாமல் புள்ளி விழவேண்டிய ஒவ்வொரு இடத்திலும் துணியைக் கிள்ளி நூலால் சுற்ற வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். சமையல் முடிந்த பிற்பகலில் நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்தால் கை முடிச்சுப் போடும், வாய் ஓயாமல் பேசும். பூக்கட்டும் வீடுகளிலும் குழாயடியிலும் இதே கதைதான். ஆண்டுக்கு ஒருமுறை முளைப்பாரி வளர்க்கும் நாட்களில், ஆண்களுக்கு இடமில்லாத அறைகளில் பெண்கள் கூடினார்கள். இரவில் கும்மி கொட்டினார்கள்.

இந்தப் பேச்செல்லாம் ஆறுதல் கொடுத்தது. ஆனால் வயலில் அழுதவளும் கேட்டவளும் சாயங்காலம் அதே வீட்டுக்கு, அதே கடனுக்குத்தான் திரும்பினார்கள். கேட்டவளிடம் கொடுத்து உதவ எதுவுமில்லை. இருந்தது சிறுவாடு மட்டும்தான்: அஞ்சறைப்பெட்டியிலும் அரிசிப்பானையிலும் வீட்டுக்குத் தெரியாமல் சேர்த்து வைத்த சில்லறை. அது கண்ணில் பட்டால் வீட்டில் சண்டை. பாத்திரச் சீட்டு, தீபாவளிச் சீட்டு, குலுக்கல் சீட்டு என்று போட்டால், சீட்டுப் பிடித்தவர் ஒரு நாள் ஊரைவிட்டே காணாமல் போவதுண்டு.

அவசரத்துக்குப் பணம் கொடுக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். தண்டல்காரர் ஆயிரம் ரூபாய்க் கடனுக்கு நூறோ அதற்கு மேலோ பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கையில் தருவார். தினம் பத்து ரூபாயாக நூறு நாளில் முழு ஆயிரத்தையும் கட்டியாக வேண்டும். கந்துவட்டிக்கு வாங்கினால் நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் என்பது சாதாரணம். ஆயிரம் ரூபாய்க்கு மாதம் நூறு ரூபாய் வட்டி. பத்தே மாதத்தில் கட்டிய வட்டி ஆயிரத்தைத் தொட்டுவிடும், முதல் அப்படியே நிற்கும். கடன் வாங்கியது பெரும்பாலும் ஆண். வசூலுக்கு வருகிறவன் வாசலில் நின்று கத்தும்போது பதில் சொன்னது பெண்.

தமிழ்நாடு அரசு இதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது 2003-ல்தான். அந்த ஆண்டு மே மாதம் திரைப்படத் தயாரிப்பாளர் ஜி. வெங்கடேஸ்வரன் கடன் நெருக்கடியில் தற்கொலை செய்துகொண்டது சென்னையை உலுக்கியது. அதன் பிறகு வந்த சட்டம் தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தடை செய்தது. சட்டம் இருந்தும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பமே கந்துவட்டிக் கொடுமையால் தீக்குளித்தது. மதுரைச் சமவெளியில் பெண்கள் தாமாகவே ஒரு மாற்று வழியைக் கட்டத் தொடங்கியதோ, அந்தச் சட்டத்துக்குப் பத்து ஆண்டுகளுக்கும் முன்பு.

அந்த முயற்சியில் முன்னின்றவர் மா.பா. வாசிமலை. வேளாண்மையும் பிறகு அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் நிர்வாகவியலும் படித்தவர். ‘பிரதான்’ தொண்டு நிறுவனத்தின் மதுரைத் திட்டமாகத் தொடங்கிய களஞ்சியம், 1997 அக்டோபர் 2-ல் தொடங்கப்பட்ட ‘தானம் அறக்கட்டளை’யின் கீழ் வளர்ந்தது. அரசும் அதே காலத்தில் இந்தப் பாதைக்கு வந்தது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-ல் தருமபுரியில் தமிழ்நாட்டின் முதல் அரசு மகளிர் குழுக்கள் அமைந்தன. சில ஆண்டுகளில் திட்டம் மதுரைக்கும் இராமநாதபுரத்துக்கும் விரிந்தது. நபார்டு வங்கி 1992-ல் நாடு முழுவதும் வெறும் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கலாம் என்று ஒரு சோதனையைத் தொடங்கியது. இன்று அந்த இணைப்பில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன.

குழுக்களில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நடுவயதுக்காரர்கள். புதிதாக வாழவந்த மருமகளுக்கு வாசலைத் தாண்ட அனுமதி கிடைக்காது. கிழவிக்கு மாதாமாதம் கட்டப் பணம் இருக்காது. நடுவில் இருப்பவள் மாமியாருக்கும் பதில் சொல்ல வேண்டும், மருமகளையும் சமாளிக்க வேண்டும். புருஷனின் குடி, மகனின் படிப்பு, மகளின் கல்யாணம் எல்லாம் அவள் தலையில்தான் விடிந்தன. அவள் கடன் கேட்டபோது சொன்ன காரணங்களும் அங்கிருந்தே வந்தன.

முதல் காரணம் செய்முறை. மதுரை வட்டாரத்தில் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுமனை புகுவிழா என்று எதுவானாலும் தாய்மாமன் சீர் தட்டு தட்டாகப் போக வேண்டும். மொய் நோட்டில் எழுதிய தொகையை, எழுதியவர் வீட்டு விசேஷத்தில் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். நாத்தனார் மகள் பெரியவளானால் சேலை, பாத்திரம், பணம் எல்லாம் வேண்டும். குறைந்தால் ஆயுளுக்கும் பேச்சு. நல்ல காரியம் என்றுதான் ஊர் பார்த்தது. வட்டத்தில் உட்கார்ந்து மாதாமாதம் இதே காரணத்தை ஒவ்வொருத்தியும் சொல்லக் கேட்டபோதுதான், எல்லார் வீட்டையும் இது அரிப்பது தெரிய வந்தது.

இரண்டாவது, நகை மீட்பு. கம்மலும் மூக்குத்தியும் அடகுக்கடைக்குப் போன கதையின் பின்னால் பெரும்பாலும் குடி இருந்தது. மதுவிலக்கு 1971-ல் தளர்ந்து, பின் மீண்டு, 1981-ல் மறுபடி தளர்ந்தது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது. 2003-ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே போனது. குழுக்கள் வளர்ந்த ஆண்டுகளும் கடைகள் பெருகிய ஆண்டுகளும் ஒன்றுதான். “ஏத்தா, போன வருசமும் இதே கம்மலைத்தானே மீட்ட?” என்கிற மாதிரி யாராவது கேட்டுவிட்டால், அதற்குமேல் மறைக்க முடியாது. அன்றுவரை தன் தலையெழுத்து என்று அவள் நினைத்தது அந்த வட்டத்தில் பாதிப் பேரின் கதையாக இருக்கும்.

கடைசியாக, தயங்கித் தயங்கி வரும் காரணம் ஒன்று உண்டு: தன் உடம்பு. பிள்ளைக்குப் பரீட்சைப் பணம், புருஷனுக்கு வைத்தியம், ஆட்டுக்குட்டி வாங்க, கூரை மாற்ற என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகே, வருஷக்கணக்காகப் பொறுத்துக்கொண்ட வயிற்று வலிக்கும் கர்ப்பப்பைக் கோளாறுக்கும் கடன் கேட்பார்கள். குழுவின் நோட்டில் அது ‘மருத்துவச் செலவு’ என்ற இரண்டு சொல்லாக ஏறும்.

பெரும்பாலான குழுக்களில் ரூபாய்க்கு மாதம் இரண்டு பைசா வட்டி. ஆயிரத்துக்கு மாதம் இருபது ரூபாய். அந்த இருபதும் குழுவின் பணத்தோடு சேர்ந்து அவர்களுக்கே திரும்பி வரும். வெளியே நூறு கட்டிய கைக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குழுவின் துணை பணத்தோடு நிற்கவில்லை. அடித்த புருஷன் மேல் புகார் கொடுக்க 1992-ல் சென்னையில் முதல் மகளிர் காவல் நிலையம் வந்தது. ஆனாலும் கிராமத்துப் பெண் காவல் நிலையப் படி ஏறினால் குடும்பமே முறிந்ததாக ஊர் சொல்லும். வீட்டுக்கும் காவல் நிலையத்துக்கும் நடுவே குழு நின்றது. நாலு பெண்கள் ஒருத்தி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, “அண்ணே, இப்படிச் செய்யலாமா?” என்று கேட்டாலே பல வீடுகளில் கை ஓங்குவது குறைந்தது.

குறை இல்லாமலும் இல்லை. ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்களின் கடன் நின்றுபோகும். நேற்றுவரை தோழியாக இருந்தவளே இன்று வசூலுக்கு வந்து நிற்க நேர்ந்தது. சொல்லக் கூடாத காரணத்தை மறைக்கப் பொய்க் காரணம் சொன்னவர்களும் உண்டு, அவமானம் தாங்காமல் குழுவைவிட்டு விலகியவர்களும் உண்டு. எல்லாரும் அறியப் பேசுவதற்கு அந்தப் பெண்கள் கொடுத்த விலை அது.

அவர்களில் உலகம் அறிந்த ஒருவர் பில்லுச்சேரி சின்னப்பிள்ளை. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலி. நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் திரட்டி, நிலக்காரர்களிடம் கூலி பேசி வாங்கித் தருகிறவராக இருந்தவர். வயல் வரப்பில் இருந்த அந்தத் தலைமை களஞ்சியத்துக்கு வந்து, ஆயிரக்கணக்கான பெண்களைக் கொண்ட இயக்கத்தின் தலைமையாக வளர்ந்தது. 2001 ஜனவரியில் தில்லியில் ஸ்திரீ சக்தி புரஸ்கார் விருதை அவருக்கு வழங்கிய பிரதமர் வாஜ்பாய், மேடையிலேயே குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். அந்தப் படம் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தது. 2019-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இத்தனைக்கும் பிறகு, தருவதாகச் சொன்ன வீடு வந்து சேரவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொல்லவேண்டி வந்தது. 2024 மார்ச்சில்தான் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவருக்கு வீடு கட்டித்தர உத்தரவிட்டார். நாடே வணங்கிய பெண்ணுக்குக் கூரை இத்தனை தாமதமாக வந்தது வெட்கப்பட வேண்டிய செய்தி.

இன்றைய மதுரையில் காட்சி மாறிவிட்டது. 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்குக்கு மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை நேரடியாகப் போகிறது. இன்னொரு பக்கம், நுண்கடன் நிறுவனங்கள் வாரத் தவணைக்குத் தெருத் தெருவாகப் பணம் கொடுக்கின்றன. அங்கேயும் பெண்கள் குழுவாகத்தான் உட்காருகிறார்கள். ஆனால் காரணத்தை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. கேட்பது ஆதார் எண்ணும் தவணைத் தேதியும் மட்டும்தான். வசூல் கெடுபிடி அளவு மீறிப் போனதால், கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றம் இன்னொரு சட்டம் நிறைவேற்ற நேர்ந்தது.

1990-களில் முதல் வட்டத்தில் உட்கார்ந்த பெண்கள் இப்போது எழுபதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொன்ன காரணங்கள் எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. கணக்கு நோட்டுகளிலும் பாதி கரையான் தின்றது போக மிச்சம்தான். மதுரையில் லேடி டோக் கல்லூரி இருக்கிறது, ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது, காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே வரலாறு படிக்கும் மாணவிகள் அழகர்கோவில் சாலையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் அந்த ஊர்களுக்குப் போய்விடலாம். அந்தப் பாட்டிமார் பேச இருக்கும்போதே போய்க் கேட்டு, பதிவு செய்து வைக்க வேண்டும். பல்கலைக்கழகம் இதை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கட்டும்.