தற்கொலைப் புள்ளிவிவரமும் திருச்சபையின் தாழ்மையும்

தற்கொலைகளை எண்ணிக் கணக்கிட்டுச் சமுதாயத்தின் நலத்தை அளக்கும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றிற்று. எண்கள் சரியாயிருந்தும் அவற்றிற்கு நாம் கற்பிக்கும் காரணம் தவறாகலாம். இங்கிலாந்தின் வரலாறு இதற்குச் சான்று.

1953இல் இலண்டன் தூய ஸ்தேவான் வால்புரூக் ஆலயக் குருவானவர் சாட் வாரா, வாழ்வை வெறுத்தோர் தொலைபேசியில் மனம்விட்டுப் பேச ஒரு பணியைத் தொடங்கினார். ‘சமாரியர்’ என்னும் பெயரில் அது நாடெங்கும் பரவிற்று. 1963இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் 5,714 ஆயிருந்த தற்கொலைகள் 1975இல் 3,693 ஆகக் குறைந்தன. சமாரியர் கிளைகளுள்ள ஊர்களில் தற்கொலை குறைந்ததென 1968இல் வெளியான ஓர் ஆய்வு கூறிற்று. திருச்சபைக்கு இது இனிய செய்தியே.

ஆயினும், 1978இல் ஊர்களை மேலும் கவனமாகத் தெரிந்தெடுத்து ஒப்பிட்டபோது அவ்வேறுபாடு காணப்படவில்லை. காரணம் வேறிடத்தில் இருந்தது. 1963இன் தற்கொலைகளில் ஐந்தில் இரண்டு பங்கு, வீடுகளுக்கு வழங்கப்பட்ட நிலக்கரி வாயுவால் நேர்ந்தவை. அவ்வாயுவின் நச்சுத்தன்மை படிப்படியாகக் குறைக்கப்பட்டு, பின்னர் நச்சற்ற இயற்கை வாயு வந்தது. ஒரு வழி அடைபட்டதும் பெரும்பாலோர் மறுவழி தேடவில்லை. சாகும் எண்ணம் பலரிடத்தில் நிலையானதன்று. அந்த நெருக்கடி வேளையைக் கடந்தால் பிழைப்பர் என்பதே இதன் பொருள்.

எண்ணிக்கையின் ஏற்றத்தாழ்வில் செய்தித்தாள்களுக்கும் பங்குண்டு. வியன்னாவின் நிலத்தடி இரயிற்பாதையில் 1980களில் நிகழ்ந்த தற்கொலைகளை நாளேடுகள் பரபரப்பாக விவரித்தன. 1987ஆம் ஆண்டின் நடுவில், தற்கொலைத் தடுப்புப் பணியாளர் வகுத்த நெறிகளை ஏற்று அடக்கமாக எழுதலாயின. அவ்வாண்டின் பிற்பாதியிலேயே அப்பாதையில் தற்கொலைகளும் முயற்சிகளும் பெரிதும் குறைந்தன.

இவ்வரலாறு போதகர்களாகிய நமக்குக் கற்பிப்பது யாது? எண்ணிக்கை குறைந்தால் அதை நம் ஊழியத்தின் வெற்றியென முழங்கலாகாது. கூடினால் அவிசுவாசத்தின் விளைவெனத் தீர்ப்பிடலுமாகாது. நெருக்கடியிலிருப்பவரின் கைக்கெட்டாதபடி ஆபத்தான பொருள்களை அகற்றச் செய்வதும் மந்தையைக் காக்கும் பணியே. அடக்க ஆராதனைப் பிரசங்கத்தில் இறந்த விதத்தை விவரியாமலும், இறந்தவரைப் பழியாமலும், அச்சாவைப் புகழாமலும் பேசக் கற்பது அவசியம்.

இதனால் சமாரியரின் பணி வீணாயிற்றென்று கொள்ளற்க. எரிகோ சாலையில் காயப்பட்டுக் கிடந்தவனுக்கு இரங்கியவனிடம் எவரும் கணக்குக் கேட்கவில்லை. துயருறுவோர்க்குச் செவிசாய்த்தல் நம் கடமை. பலனை அறிபவர் தேவன் ஒருவரே.