இந்தக் கற்கள் சொல்வது என்ன?

தியானப் பகுதி: யோசுவா 4:1-9; எரேமியா 29:4-7



இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தபின், ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து நிறுத்தும்படி கர்த்தர் கட்டளையிட்டார். பின்னாளில் பிள்ளைகள் அவற்றைக் காட்டிப் பொருள் கேட்கும்போது, பெற்றோர் விடை சொல்ல ஆயத்தமாயிருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். நம்முடைய தருமபுரியிலும் கற்கள் உண்டு. நம் பிள்ளைகள் அவற்றைக் குறித்துக் கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

இவ்வூரின் பழம்பெயர் தகடூர். சங்க காலத்தில் இதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அரிதின் முயன்று பெற்ற நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்கு ஈந்தான் என்பதை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். சேலம் செல்லும் சாலையில் உள்ள அதியமான்கோட்டை இன்றும் அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது. திருக்கோவிலூருக்கு அருகிலுள்ள ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழி கல்வெட்டு, அவனைச் 'சதியபுதோ' என்ற பட்டத்தோடு குறிப்பிடுகிறது. அசோகச் சக்கரவர்த்தியின் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், சேரரோடு சேர்த்துச் சொல்லப்படும் சத்தியபுத்திரர் இந்த அதியர் மரபினரே என்பது அதனால் உறுதிப்பட்டது. மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் கிடைக்கச் செய்ததைப் பற்றிப் பேசும் கல்வெட்டில் அந்தப் பெயர் இடம்பெற்றிருப்பது நம் சிந்தனைக்குரியது.

ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டினான். உன்னுடைய படைக்கலங்கள் நெய் பூசி, மாலை சூட்டப்பட்டுப் பொலிவோடு இருக்கின்றன. அதியமானுடையவையோ போரில் நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார் அவர். புகழ்வதுபோல் இகழ்ந்த சாதுரியமான சொல் அது. எனினும், வாள்கள் ஓயாமல் முறிந்துகொண்டிருந்த காலமும் அதுவே. இறுதியில் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டு வென்றான். கோட்டை வீழ்ந்தது. அந்தப் போரைப் பாடிய 'தகடூர் யாத்திரை' என்னும் நூலிலும் சில பாடல்களே எஞ்சியுள்ளன. படையெடுத்தவனின் வெற்றியை அறிந்தவர் நம்மில் சிலரே. கொடுக்கப்பட்ட கனியையோ ஒவ்வொரு பிள்ளையும் அறியும்.

நகரிலுள்ள அரசு அகழ்வைப்பகத்தில் இம்மாவட்டத்தின் நடுகற்களைக் காணலாம். ஆநிரை மீட்கும் பூசலில் ஊருக்காக உயிர் கொடுத்தவர்களுக்கு மக்கள் எடுத்த கற்கள் இவை. அவர்களில் பலர் மன்னர்கள் அல்லர், எளிய வீரர்கள். பிறருக்காகத் தன் ஜீவனைக் கொடுப்பதைவிட மேலான அன்பு இல்லை என்று நம் ஆண்டவர் போதித்ததை, அவர் பெயரை அறியாத மக்களும் தங்கள் உள்ளத்தில் உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு இக்கற்கள் சாட்சி.

பின்னர் நுளம்பர், சோழர், விஜயநகர வேந்தர், மைசூர் அரசர் எனப் பலர் இங்கு ஆண்டனர். கோட்டைப் பகுதியிலுள்ள கோயில்களில் நுளம்பர் காலக் கலையின் அடையாளங்களை இன்றும் காணலாம். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கேப்டன் ரீடின் உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கி, நிலங்களை அளந்து, உழவரிடமே நேரடியாகத் தீர்வை பெறும் ரயத்துவாரி முறையை இந்த மண்ணில்தான் பயின்றார். 1827இல் லண்டன் மிஷனரி சங்கம் சேலத்தில் ஊழியத்தைத் தொடங்கியபோது நம் ஊர் சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. 1965 அக்டோபர் 2 அன்றே தருமபுரி தனி மாவட்டமாயிற்று.

பிரியமானவர்களே, இன்னும் இரண்டு இடங்களை நாம் மறக்கலாகாது.

முதலாவது, பாப்பாரப்பட்டி. விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று அங்கே காலமானார். அவரைத் தொழுநோய் பற்றியது. அதைக் காரணம் காட்டி இரயிலில் செல்ல அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. அவர் மாட்டு வண்டியிலும் நடந்தும் ஊர் ஊராகச் சென்று பேசினார். குஷ்டரோகியை நோக்கிக் கைநீட்டித் தொட்ட இயேசுவை மாற்கு முதலாம் அதிகாரத்தில் வாசிக்கும் நாம், தொடத் தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட அந்த மனிதரின் நினைவிடத்தின் முன் ஒரு கணமாவது நிற்க வேண்டும்.

இரண்டாவது இடத்திற்கு நினைவுக்கல் தேவையில்லை. 2012 நவம்பர் 7 அன்று, சாதி கடந்த ஒரு திருமணத்தைக் காரணமாக்கி, நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய குடியிருப்புகளில் தலித் மக்களின் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுத் தீக்கு இரையாயின. தருமத்தின் பட்டணம் என்று பெயர் கொண்ட ஊருக்கு அருகில், வாழ்நாள் உழைப்பால் சேர்த்த யாவும் ஒரே மாலையில் சாம்பலாயிற்று.

அது திருச்சபைக்கு வெளியே நடந்த காரியம் என்று சொல்லி நாம் கைகழுவ முடியுமா? கைகழுவியவன் பிலாத்து. ஒரே அப்பத்தில் பங்குபெறும் நாம், பிள்ளைகளுக்கு வரன் தேடும்போது முதலில் எதை விசாரிக்கிறோம்? ஆராதனை முடிந்தபின் எவர் வீட்டில் உணவருந்துகிறோம், எவர் வீட்டு வாசலோடு திரும்பிவிடுகிறோம்? பகைத்துப் பிரிக்கும் நடுச்சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்று எபேசு சபைக்குப் பவுல் எழுதினார். தகர்ந்த சுவரின் கற்களைப் பொறுக்கி, அதை நாமே மறுபடியும் கட்டிக்கொண்டிருக்கலாகாது.

பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு, அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபிக்கும்படி எரேமியா எழுதினார். அந்நியப் பட்டணத்திற்கே அப்படியென்றால், நம்மைப் பெற்று வளர்த்த ஊருக்கு நாம் எவ்வளவாய்க் கடன்பட்டவர்கள்! பிழைப்புக்காக ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் செல்லும் நம் இளைஞர் பலர், இது பின்தங்கிய ஊர் என்று சொல்லி வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட வேண்டியது ஏழ்மைக்காக அல்ல, அநீதிக்காக. பெருமைப்பட வேண்டியதும் கோட்டைக்காக அல்ல, கொடுத்த கைக்காக.

ஆகையால், இந்த வாரம் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். பிள்ளைகளை அகழ்வைப்பகத்திற்கு அழைத்துச் சென்று, அந்த நடுகற்களின் முன் நின்று விடை சொல்லுங்கள். இதுவரை நீங்கள் உணவருந்தாத ஒரு சகோதரனுடைய வீட்டிற்குச் சென்று, அவர் கொடுப்பதை மகிழ்ச்சியோடு உண்ணுங்கள். கனியைக் கொடுப்பதைப் போலவே, பெற்றுக்கொள்ளுவதும் அன்பே.

ஜெபம்: எங்கள் பிதாவே, நீர் எங்களை வைத்த இந்த ஊருக்காக உம்மைத் துதிக்கிறோம். இங்கே சிந்தப்பட்ட கண்ணீரை நாங்கள் மறவாதிருக்க உதவிசெய்யும். எங்கள் வீடுகளிலும் சபையிலும் நாங்கள் கட்டிய சுவர்களை இடித்துப்போடும். தருமபுரி தன் பெயருக்கு ஏற்ற பட்டணமாக விளங்க எங்களைப் பயன்படுத்தும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம். ஆமென்.