பாதுகாவலர் சான்று பிறந்த கதை

சத்தி ரோட்டில் ஐ.டி. கம்பெனிகள் வந்தபின் சரவணம்பட்டிப் பக்கம் காடு தோட்டமெல்லாம் சென்ட் கணக்கில் விலை போகின்றன. பூர்வீகச் சொத்தில் மனவளர்ச்சி குன்றிய மகனுக்கும் பங்கிருந்தால், பத்திர ஆபீஸில் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அவனுக்காக யார் கையெழுத்துப் போடுவது? 18 வயது முடிந்தால் பெற்ற தாய்க்குக்கூடச் சட்டப்படி அந்த உரிமை இல்லை.

வெள்ளைக்காரர்கள் 1858-லேயே மூன்று சட்டங்கள் போட்டார்கள். ஒன்று மனநோய் விடுதிகளுக்கு. மற்ற இரண்டும் சித்தம் கலங்கியவரின் சொத்தை யார் நிர்வகிப்பது என்பதற்கு. ஆளைவிட ஆஸ்தியின் மேல்தான் கண். 1912-ல் வந்த சட்டமும் கோர்ட்டு வாசலைத்தான் காட்டியது.

1993-ல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம், மனவளர்ச்சிக் குறையை மனநோய்க் கணக்கிலிருந்து நீக்கியது. குறை வேறு, நோய் வேறு. அந்தப் பிரிப்பு நியாயமானதே. ஆனால் பாதுகாவலர் நியமிக்க இருந்த பழைய வழியும் அதோடு அடைபட்டுப் போனது. "எங்களுக்கப்புறம் இவன ஆருங்க பாத்துக்குவாங்க?" என்ற பெற்றோரின் கேள்விக்குச் சட்டத்தில் பதிலே இல்லை. நாடெங்கும் பெற்றோர் சங்கங்கள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தன. 1999 டிசம்பரில் தேசிய அறக்கட்டளைச் சட்டம் பிறந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறை, பல்வகை ஊனம் உள்ளோருக்கானது அது.

பாதுகாவலரை நியமிக்க, கோர்ட்டுக்குப் பதில் மாவட்டந்தோறும் மூவர் குழு: கலெக்டர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர். பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தரவேண்டும். ஆண்டுதோறும் கணக்கும் காட்டவேண்டும். கவனிக்காமல் விட்டாலோ சொத்தைச் சுருட்டினாலோ நீக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. இவருக்குப் பாதுகாவலர் தேவையா, எந்தக் காரியத்துக்குத் தேவை என்று குழு முதலில் பார்த்தாக வேண்டும் என்கிறது 14-ஆவது பிரிவு. தேவையில்லை என்பதும் ஒரு பதில்தான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-ல் ஏற்றது. அதன்வழி வந்த 2016 சட்டம் குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவரோடு கலந்து பேசி என்று பாதுகாவலரின் கையை அளந்து வைத்தது. மறதிநோயிலும் கோமாவிலும் கிடப்பவரின் குடும்பங்களோ இன்னும் உயர்நீதிமன்றப் படியேறுகின்றன. அந்த இடைவெளி அடைக்கப்பட வேண்டும்.

சரவணம்பட்டிப் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். நீங்கள் இருக்கும்போதே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பாதுகாவலர் சான்று கேட்டு மனுக் கொடுங்கள். அதற்கு முன், யாரோடு இருக்கப் பிரியம் என்று பிள்ளையிடம் கேளுங்கள்.