இனி எத்தனை காலம்?

இருதய நோய் கண்டவர் வைத்தியரிடம் வாய்விட்டுக் கேட்பது மருந்தையும் பத்தியத்தையும் பற்றி, மனத்துள் கேட்பதோ, "இனி எத்தனை காலம்?" என்பதே. அக்கேள்விக்குரிய விடை நெடுங்காலம் இருண்டே கிடந்தது.

1768இல் லண்டன் வைத்தியர் வில்லியம் ஹெபர்டன், நடக்கையில் மார்பை இறுக்கி, நின்றவுடன் விலகும் வலியொன்றை விவரித்தார். அவ்வலி உடையோர் பலர் திடீரென மாண்டதையும் எழுதினார். அக்காலத்தில் ஜான் ஹன்டர் என்னும் பேர்பெற்ற அறுவை வைத்தியருக்கும் அந்நோய் கண்டது. அவருடைய மாணாக்கர், பின்னாளில் அம்மைப்பால் முறையைப் பரப்பிய எட்வர்டு ஜென்னர். இருதயத்துக்கு இரத்தம் ஊட்டும் குழாய்கள் இறுகியதே காரணம் என்று ஜென்னர் ஊகித்தார். ஆயினும் ஆசிரியர் மனம் நோகுமென அஞ்சி மறைத்துவிட்டார். மாணாக்கரை நாம் குறை கூறலாகாது. கையில் மருந்தில்லாதவர் வேறென்ன செய்வார்? 1793இல் மருத்துவமனைக் கூட்டமொன்றில் எழுந்த வாக்குவாதத்தினிடையே ஹன்டர் உயிர் நீத்தார். சோதனையில், குழாய்கள் எலும்பு போல் கெட்டித்திருந்தன. ஆனால் முதல் வலி வந்தது 1773இல் என்பதை மறத்தலாகாது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளிலேதான் அவர் தம் புகழ்மிக்க உடற்கூற்றுப் பொருட்காட்சிசாலையை அமைத்தார்.

இக்குழாய் திடீரென அடைபட்டால் மரணம் நிச்சயம் என்ற கருத்தை 1912இல் சிகாகோ வைத்தியர் ஜேம்ஸ் ஹெரிக் மறுத்தார். பிழைப்போரும் உண்டு என்றார் அவர். அப்பொழுது செவிசாய்த்தோர் சிலரே. பிழைத்தவரையும் வாரக்கணக்கில் அசையாது படுக்க வைத்தனர். 1952இல்தான் பாஸ்டனில் லெவினும் லவுனும் நோயாளிகளை நாற்காலியில் அமர்த்திப் பார்த்தார்கள்.

1955 செப்டம்பர் 24ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு டென்வரில் மாரடைப்பு கண்டது. உலகமே கலங்கிற்று, நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. பாஸ்டன் நிபுணர் பால் டட்லி ஒயிட் நோயின் தன்மையைப் பத்திரிகையாளருக்கு ஒளிவுமறைவின்றி விளக்கினார். ஜென்னர் அடக்கிய சொல், இப்போது நாடறியப் பேசப்பட்டது. மறு ஆண்டே ஐசனோவர் மீண்டும் தேர்தலில் வென்றார். பதவிக் காலத்தை முடித்தார். 1969 மார்ச்சில், 78ஆம் வயதில் காலமானார்.

இன்று வைத்தியர்கள் கணிப்பது வேறு விதம். இருதயத் தசை எவ்வளவு பழுதுபட்டது, எத்தனை குழாய்கள் குறுகின, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் எந்நிலையில் உள்ளன, நோயாளி புகை பிடிப்பதை நிறுத்தினாரா என்றெல்லாம் கேட்டே விடை சொல்கிறார்கள். அவ்விடையில் ஒரு பகுதி நோயாளியின் கையிலேயே இருக்கிறது. ஐசனோவர் பல்லாண்டுக் கடும் புகைப்பழக்கத்தை 1949இலேயே விட்டிருந்தார்.